பதினான்காம் நம்பர் சிலிண்டர்

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
முப்பத்திரண்டு அறை, ஒரு லிப்ட்.
லிப்ட் பாதி நாள் நிற்கும்.
அடுப்பு வாடகை நாளுக்கு நாற்பது,
கேஸுக்குத் தனி:
சின்ன சிலிண்டரைக் கொடுக்கும்போது ஒரு எடை,
வாரம் திரும்பினால் ஒரு எடை,
குறைந்ததற்குக் காசு.
பழைய இரும்புக் கடையில் பிடித்த தராசு அது.
பதினோரு வருஷமாக
அதில் கேஸ்தான் ஏறுகிறது என்றிருந்தேன்.

மால்டாவிலிருந்து, முர்ஷிதாபாத்திலிருந்து
காட்பாடியில் இறங்கி வருகிறவர்களின் ரிசல்ட்
காகிதத்துக்கு முன்னால் என் மூக்குக்கு வரும்.
நல்லதென்றால் நாலு மணிக்கே கடுகெண்ணெய் காயும்,
மாடிப்படி முழுக்க மீன்.
கெட்டதென்றால் அடுப்பு பற்றாது
என்று எழுதிவிட்டால் சுலபம்.
அப்படியில்லை.
மகனுக்குக் கிட்னி பொருந்தாது என்று சொன்ன மதியம்
ஒன்பதாம் நம்பர் பெரியவர்
ஒண்டியாய் ஒன்றரைக் கிலோ கோழி சமைத்து
எலும்பு உட்பட முடித்தார்.
"இன்னா மனுஷன்டா" என்று
ரூம்பாய் காதில் சொன்னேன்.
சொன்ன வாயில் மிக்சர் இருந்தது.

எனக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
"பசிச்சா மட்டும் சாப்பிடுங்க தேசிங்கு" என்கிறாள் டாக்டரம்மா.
நல்ல யோசனைதான்.
பசி எப்படி இருக்கும் என்று
கேட்க வெட்கமாக இருந்தது.
மரகதம் ஓசூருக்கு, மகள் வீட்டுக்குப் போன தையிலிருந்து
இரவு பதினொன்றுக்குப் பரோட்டா,
ஒரு மணிக்கு வாட்ச்மேனோடு பன்,
இரண்டுக்கு யாரோ வைத்துவிட்டுப் போன சந்தேஷ்.
வயிறு கேட்டதில்லை.
கை தானாகப் போகும்,
இருட்டில் சுவிட்சுக்குப் போகிற மாதிரி.

கத்திரி வெயிலில் வந்தார்கள்
பிமல் மண்டல், ஷிப்ரா, எட்டு வயசுப் பெண்.
பெண் வார்டுக்குப் போனாள், இவர்கள் பதினான்குக்கு.
முதல் வாரம் எடை போட்டேன். குறையவில்லை.
இரண்டாம் வாரம். குறையவில்லை.
டீத் தண்ணி வைத்தால்கூட இருநூறு கிராம் போகணுமே,
வெளியிலிருந்து கள்ள கேஸ் ஏத்துறானுங்களா என்று
படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

தரையில் செய்தித்தாள். அதன்மேல் பொரி.
சொம்பில் தண்ணீர்.
அடுப்புக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.
ஜன்னலில், நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய முள்ளுக்கத்தரிக்காய்
நாலு, சுருங்கிப்போய்.
பெண்ணுக்குப் பிடிக்குமாம். வந்த அன்று வாங்கினதாம்.
அவளுக்கு மூக்கில் குழாய்,
வாயில் ஒன்றும் போடக்கூடாது.
பிமல் பாதி இந்தியில் சொன்னார்,
அவள் வாய்க்கு ருசி வரட்டும், பிறகு எங்களுக்கு.
ஷிப்ரா பேசவில்லை,
பொரித் தாளை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள்.
நான் ஒரு பிடி அள்ளிவிட்டேன்.
கை, சொன்னேனே, தானாகப் போகும்.
வாயில் போட்ட பிறகுதான் உறைத்தது.
துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல்
படியிறங்கினேன்.

இருபத்தாறாம் நாள் சாயங்காலம்
கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்,
மேலேயிருந்து கத்தரிக்காய் வறுபடுகிற வாசனை.
மீன் இல்லை, கொண்டாட்டம் இல்லை,
மஞ்சள், உப்பு, காய்.
ரூம்பாய் வந்து சொன்னான்,
பாப்பா இரண்டு ஸ்பூன் கஞ்சி இறக்கினாளாம்.
காம்பு முள் குத்தின விரலைச் சப்பிக்கொண்டே
அந்தம்மா சிரிச்சிச்சு சார் என்றான்.

மறுநாள் எடை: நூற்றைம்பது கிராம் குறைவு.
இருபத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு.
ஐம்பது காசை விட்டேன்,
மீதியை வாங்கிக்கொண்டேன். முதலாளி லாட்ஜ்.

ராத்திரி சத்துவாச்சாரிக்குப் போய்
எங்கள் வீட்டு சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன்.
தையில் மாற்றினது.
இரண்டு கையாலும் அசையவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்து
ஓசூருக்குப் போன் போட்டேன்.
எடுத்த எடுப்பில், சண்டை நினைவில்லாதவள் மாதிரி,
"சாப்டியா?" என்றாள்.
முப்பது வருஷமாகக் கேட்கிற கேள்வி.
'ஆச்சு' என்று வாய் முந்தி வந்ததைப் பிடித்து நிறுத்தி,
யோசித்துக்கொண்டிருந்தேன்.